தமிழ்ப் பிழைதிருத்தி: ஒவ்வோர் எடிட்டருக்கும் தனித்தனியாக எழுத வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் வெளிவரும் இணையத்தளத்திலும் கைப்பேசிச் செயலியிலும் தமிழ் வரிகள் பொதுவாகத் தனி மொழிக்கோப்பு ஒன்றில் இருக்கும். அதில் வரிகளை ஒட்டும் நிரலாளருக்குப் பல வேளைகளில் தமிழ் படிக்கத் தெரியாது. புள்ளி விழுந்துபோனாலும் கொம்பு இடம் மாறினாலும் அவருக்குப் புலப்படாது. ஆகவே, பிழைதிருத்தி இருக்கவேண்டிய இடம் அவர் நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள்தான். அத்தகைய செருகுநிரலைத் திட்டப்பணியாகச் செய்ய நினைக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் தூண்டுதல், விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற எடிட்டருக்கு மட்டும் எழுதி முடித்துவிடுவது. ஆனால் ஜாவா எழுதுவோர் இன்டெல்லிஜேயிலோ எக்லிப்ஸிலோ இருப்பார்கள். சிலர் நியோவிமைவிட்டு நகரமாட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் தனியே எழுதினால் டைப்ஸ்கிரிப்ட், கோட்லின், ஜாவா, லுவா என்று நான்கு மொழிகளில் ஒரே வேலையைச் செய்யவேண்டும். தமிழுக்கு அது கட்டுப்படியாகாது. ‘வீடு’ என்ற சொல்லை அகராதியில் சேர்த்தால் போதாது. வீட்டில், வீட்டிலிருந்து, வீட்டிலிருந்துதான் எல்லாமே சரி என்று நிரலுக்குத் தெரியவேண்டும். இந்தப் புணர்ச்சி விதிகளை நான்கு இடங்களில் திருத்திக்கொண்டிருக்க யாராலும் முடியாது.

இதற்கான வழி 2016 ஜூனில் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹாட், கோடென்வி மூன்றும் அறிவித்த ‘லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்’ (எல்எஸ்பி) என்ற தொடர்பு நெறிமுறை. பிழை கண்டுபிடிக்கும் பகுதி ‘சர்வர்’ என்ற தனி நிரலாக ஓடும். கோப்பு திறக்கப்பட்டது, மாறியது என்று எடிட்டர் அதற்கு ஜேசன் என்ற உரை வடிவில் செய்தி அனுப்பும். எந்த வரியில், எந்த இடத்தில் பிழை என்று அது பதில் அனுப்பும். எடிட்டர் பக்கம் இருப்பது மெல்லிய உறை மட்டுமே. நியோவிமில் 2021இல் வந்த 0.5 பதிப்பிலிருந்தே இந்த வசதி உள்ளது. எக்லிப்ஸுக்கு எல்எஸ்பி4இ என்ற செருகுநிரல் உண்டு. இன்டெல்லிஜேயைத் தயாரிக்கும் ஜெட்பிரெய்ன்ஸ் 2023.2 பதிப்பில் இதைக் கொண்டுவந்தபோது கட்டணப் பதிப்புகளுக்கு மட்டுமே தந்தது. இலவசப் பதிப்பில் ரெட் ஹாட்டின் எல்எஸ்பி4ஐஜே செருகுநிரலின் துணையோடு ஓட்டலாம்.

இதுவரை சொன்னதை எந்தப் பாடத்திலும் படிக்கலாம். தமிழ் வரி உள்ளே வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ‘கன்டென்ட்-லெங்த்’ என்று நீளம் எழுதவேண்டும். அது பைட் கணக்கு, எழுத்துக் கணக்கு அன்று. ‘தமிழ்’ என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் 5 குறிகள், அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 15 பைட். 15 என்று வரவேண்டிய இடத்தில் 5 என்று எழுதினால் எடிட்டர் பாதிச் செய்தியைப் படித்துவிட்டு மீதியை அடுத்த செய்தியின் தலை என்று நினைக்கும், தொடர்பு அறுந்துவிடும். எதிர்த்திசையிலும் இப்படித்தான்: சர்வர் பைட்டுக்குப் பதில் எழுத்தாக எண்ணிப் படித்தால், வராத எழுத்துக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். ஆங்கிலக் கோப்பில் சோதித்தால் இரண்டுமே தெரியாது. பைத்தான் மொழியின் ஜேசன் நூலகம் தமிழ் எழுத்துகளை ஆஸ்கி (ஆங்கில எழுத்து, எண்) குறியீடுகளாக மாற்றி அனுப்புவதால் தமிழ்க் கோப்பில்கூட முதல் பிழை ஒளிந்திருக்கும். நிரலின் பதிவேட்டில் (லாக்) தமிழாகத் தெரியட்டும் என்று யாராவது அந்த மாற்றத்தை நிறுத்தும் நாளில் வெளிப்படும்.

அடுத்தது இடக்கணக்கு. வரி எண்ணும் இட எண்ணும் பூஜ்யத்தில் தொடங்கும். இட எண் இயல்பாக யுடிஎஃப்-16 என்ற இன்னொரு முறையின் அலகில் இருக்கும். 2022இல் வந்த எல்எஸ்பி 3.17 பதிப்பிலிருந்து இரு தரப்பும் பேசி வேறு கணக்கைத் தேர்ந்துகொள்ளலாம் என்றாலும், எல்லா எடிட்டரும் உடன்படும் என்று நம்பி எழுதக்கூடாது. கோ அல்லது ரஸ்ட் மொழியில் எழுதி பைட் எண்ணை அப்படியே அனுப்பினால் சிவப்புக் கோடு மும்மடங்கு தள்ளி விழும், உடனே தெரிந்துவிடும். பைத்தான்தான் ஏமாற்றும். வழக்கமான தமிழ் எழுத்துக்கு அதன் எண்ணும் யுடிஎஃப்-16 எண்ணும் ஒன்றே. வரியில் ஓர் இமோஜியோ, 2019இல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறியோ வந்தால், அது யுடிஎஃப்-16இல் இரண்டு அலகு என்பதால், அதற்குப் பிறகு எல்லாம் ஓரிடம் பிசகும்.

‘கொ’ இன்னொரு கண்ணி. அதன் ஒகரக் குறி ஒற்றைக் குறியாகவும் வரலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். திரையில் வேறுபாடு இல்லை. அகராதியோடு ஒப்பிட இரண்டையும் ஒரே வடிவாக்க வேண்டும்தான். ஆனால் வடிவாக்கிய பின் இடத்தை எண்ணாதீர்கள். மூல வரியின் எண்களைத் தனியே வைத்துக்கொண்டு அவற்றையே அனுப்பவேண்டும்.

சர்வருக்குள் சோதனைக்காகப் போடும் ஒரு ‘பிரிண்ட்’ வரி போதும், எல்லாம் நின்றுவிடும். செய்திகள் போகும் அதே குழாயில் அதுவும் போய்க் கலந்துவிடும். பிழைப்பதிவு ஸ்டாண்டர்ட் எரர் என்ற தனி வெளியீட்டுக்குத்தான் போகவேண்டும். ‘மூன்று நிமிடத்தில் ஐந்து முறை விழுந்தது’ என்று விஷுவல் ஸ்டூடியோ கோட் கைவிரித்தால் முதலில் தேடவேண்டியது அந்த ‘பிரிண்ட்’ வரியைத்தான். விண்டோசில் பைத்தானின் வெளியீட்டை பைனரி முறையில் எழுதவேண்டும், இல்லையேல் வரிமுடிவுக் குறி இரட்டித்துத் தலைப்பகுதி கெடும். தமிழில் பெயரிட்ட கோப்புறை விழுக்காட்டுக் குறிகளாக மாறி வரும். அதை மீட்டெடுத்த பிறகே ஒப்பிடவேண்டும்.

வெளியிடும்போது மைக்ரோசாஃப்ட் சந்தையோடு நிறுத்தாமல் ஓப்பன் விஎஸ்எக்ஸ் என்ற திறந்த சந்தையிலும் ஏற்றுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோடின் திறமூல வடிவமான விஎஸ்கோடியம் பயன்படுத்துவோர் அங்கிருந்துதான் எடுப்பார்கள்.

சொற்பட்டியலை நிரலுக்குள் புதைக்காமல், வரிக்கு ஒரு சொல்லாகச் சாதாரண உரைக்கோப்பில் வைத்தால் நிரல் தெரியாத தமிழாசிரியரும் திருத்தலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்), மசேநி (மத்திய சேம நிதி) போன்ற சுருக்கங்களும் ஈசூன், தோ பாயோ, அங் மோ கியோ போன்ற ஊர்ப்பெயர்களும் அதில் இல்லாவிட்டால் இங்குள்ள மொழிக்கோப்பு ஒவ்வொன்றும் சிவப்புக் கோடாகவே தெரியும். உங்கள் நாளிதழ் பின்பற்றும் ஊர்ப்பெயர், அமைப்புப்பெயர் எழுத்துக்கூட்டல்களைப் பட்டியலாக வெளியிட முடியுமா?

மென்பொருள் பொறியாளர்,
ஈசூன்