லீனா யங்கர் பணத்தின் அருமை அறியாதவரா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் லொரெய்ன் ஹான்ஸ்பெர்ரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ (1959) நாடகம் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரை, தாய்ப் பாத்திரமான லீனாவைப் பணத்தின் அருமை அறியாத பழமைவாதியாகக் காட்டியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. கணவரின் ஆயுள் காப்பீட்டுத் தொகையான 10,000 டாலர் கைக்கு வந்ததும், பேரன் சோபாவில் உறங்கும் நெருக்கடியான சிகாகோ வாடகை வீட்டில் காலம் தள்ளிய தம் கறுப்பினக் குடும்பத்துக்காக, வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்கு 3,500 டாலர் முன்பணம் கட்டியவர் அவர். (அப்படிக் குடியேறுவதன் ஆபத்தை ஹான்ஸ்பெர்ரி தம் தந்தையின் வாழ்விலேயே கண்டவர், வெள்ளையர் பகுதியில் அவர் தந்தை வீடு வாங்கியது தொடர்பான வழக்கு 1940இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது.)

கடவுளை மறுத்துப் பேசிய மகளைக் கன்னத்தில் அறைபவரும் இதே லீனாதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், மனமுடைந்து கிடந்த மகன் வால்ட்டரிடம் மீதி 6,500 டாலரையும் ஒப்படைத்து, தங்கையின் மருத்துவப் படிப்புக்கு 3,000 டாலரை வங்கியில் போடச் சொல்லி, குடும்பத் தலைமையையே அவனுக்கு விட்டுக்கொடுக்கிறாரே, அது அறியாமையா? அவன் அனைத்தையும் பறிகொடுத்த செய்தி வந்ததும், உழைத்து உழைத்தே தேய்ந்துபோன கணவரின் முகத்தைச் சொல்லிச் சொல்லி அவர் கதறுவதைக் கட்டுரையாளர் குறிப்பிடவே இல்லை. இரண்டாம் அங்கத்தின் அந்த இறுதிப் பகுதியை அவர் மீண்டும் படிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை