ஜகாலோவுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்பந்து உலகக் கோப்பை வென்ற பயிற்சியாளர்களைப் பற்றி நீங்கள் போட்டிருந்த கட்டுரையைப் படித்தேன். பிரேசிலின் மரியோ ஜகாலோவை மட்டும், பெலே இருந்த அணியை வைத்து யார் வேண்டுமானாலும் ஜெயித்திருக்கலாம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

1970இல் அந்த அணி அவர் கைக்கு வந்த நேரத்தைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டத்தையும் ஜெயித்துக் கொடுத்த பயிற்சியாளர் சல்டான்யாவை மார்ச்சில் நீக்குகிறார்கள், மே 31இல் உலகக் கோப்பை தொடங்குகிறது, ஜகாலோவுக்கு வயது 38தான். பெலே, டோஸ்டாவ், ஜெர்சன், ரிவெலினோ நாலு பேருமே அவரவர் கிளப்பில் ஆட்டத்தை நடத்திப் பழகியவர்கள், ஒன்றாக இறக்கினால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். ஜகாலோ ரிவெலினோவை இடது பக்கம் போட்டார், ஆனால் கோட்டோரமாகவே ஓடிக்கொண்டிருக்க அல்ல, உள்ளே வந்து நடுக்களத்துக்குக் கைகொடுக்க. 1958இலும் 1962இலும் பிரேசில் கோப்பை வென்றபோது ஜகாலோவே பார்த்த வேலை அது! இடது விங்கராக, அதாவது இடது ஓரத்து முன்கள ஆட்டக்காரராக இருந்துகொண்டு, பந்து எதிரணிக்குப் போனதும் பின்னால் ஓடிவந்து தடுக்க நிற்பார், 4-2-4 என்று (பின்னால் நாலு, நடுவில் இரண்டு, முன்னால் நாலு பேர்) ஆடிய அணி, நடுவில் மூன்று பேர் நிற்கும் 4-3-3 ஆக மாறியதில் அந்த ஓட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குட்டி எறும்பு என்று அவரைக் கூப்பிட்டது சும்மா இல்லை.

இத்தாலிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் நாலாவது கோலை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். எல்லாரும் பெலேயின் பாஸையும் கார்லோஸ் ஆல்பர்டோவின் உதையையும்தான் பார்ப்பார்கள். அதற்கு முன்னால் வலது பக்க ஆட்டக்காரரான ஜைர்சின்ஹோ எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள், இடது பக்கத்தில்! ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஆடும் இத்தாலியின் தடுப்பாட்டக்காரர் ஃபக்கெட்டி அவர் பின்னாலேயே போய்விட, வலது பக்கம் மைதானமே காலியாகக் கிடக்கிறது. அந்த இடத்தில்தான் கார்லோஸ் ஆல்பர்டோ ஓடிவந்து உதைக்கிறார். இது தானாக நடந்ததல்ல, ஆட்டத்துக்கு முன்பே பேசி வைத்தது.

குறையே இல்லாதவர் என்று சொல்ல வரவில்லை. 1974இல் நாலாவது இடம்தான் கிடைத்தது, 1998 இறுதி ஆட்டத்தன்று வலிப்பு வந்த பிரேசில் முன்கள ஆட்டக்காரர் ரொனால்டோவை மாலையில் களத்தில் இறக்கியதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. சரி, அதையும் எழுதுங்கள். ஆனால் 1950 உலகக் கோப்பையில் உருகுவேயிடம் பிரேசில் தோற்ற அன்று ரியோவின் மரக்கானா மைதானத்தில் காவல் பணியில் நின்ற பதினெட்டு வயது சிப்பாய், அப்புறம் ஆட்டக்காரராக இரண்டு, பயிற்சியாளராக ஒன்று, 1994இல் பயிற்சியாளர் பரேராவுக்குத் துணையாக ஒன்று என்று நாலு கோப்பை வாங்கித் தந்திருக்கிறார். ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வென்ற முதல் ஆள் அவர், ஜெர்மனியின் பெக்கன்பவரும் பிரான்ஸின் டெஷாம்ப்ஸும் பின்னால் வந்தவர்கள். 2024 ஜனவரியில் 92 வயதில் இறந்துபோன அவரைப் பற்றி அடுத்த இதழிலாவது ஒரு முழுக் கட்டுரை போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் நீண்டநாள் வாசகர்