தண்ணீருக்குள் தெரிந்த விளக்கு

அன்புள்ள மாலதி,

உன் கடிதமும் படமும் செவ்வாய்க்கிழமையே வந்து சேர்ந்தன. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. படத்தை நாலு நாளாக மேசை மேல் சாய்த்து வைத்திருக்கிறேன். வரும்போதும் போகும்போதும் பார்க்கிறேன். காலையில் ஒன்று தோன்றுகிறது, விளக்குப் போட்ட பிறகு இன்னொன்று தோன்றுகிறது. "உள்ளதை உள்ளபடி சொல்லு, என் மனசு நோகுமே என்று பார்க்காதே" என்று எழுதியிருக்கிறாய். சொல்கிறேன், ஆனால் கடைசியில். அதற்கு முன்னால் பேச நிறைய இருக்கிறது.

வீட்டில் எல்லோரும் நலம். அவருக்கு வலது கண்ணில் புரை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. நல்லபடியாக முடிந்தது. கண் தெளிந்ததும் அவர் செய்த முதல் வேலை, என் படங்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான். "இந்தக் கதவு நீலமா? இத்தனை நாளும் பச்சை என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்" என்றார். புரை முற்றும்போது கண்ணின் லென்ஸ் மஞ்சளித்துப் போய் நீலத்தை மட்டுப்படுத்திவிடும் என்று டாக்டர் விளக்கினார். எனக்குத் திக்கென்றது. இரண்டு வருடமாக அவர் "நிறம் எடுபடவில்லையே" என்று சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொரு படத்திலும் நீலத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன். எங்கள் புகைப்படக் குழுவில் ஒருவர் "உங்கள் படங்களில் நீலம் ஏன் இவ்வளவு தூக்கலாக இருக்கிறது?" என்று கேட்டபோது எனக்குச் சுருக்கென்று இருந்தது. இரண்டு பேருமே தங்கள் கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான்தான் ஒருவர் சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீயும் அப்படியொரு குழுவில் சேர்ந்ததைக் கேட்டு அவ்வளவு சந்தோஷம். வாரம் ஒரு தலைப்பு, ஏழு நாள், ஒருவருக்கு ஒரே படம் என்ற ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். தலைப்பு இல்லாவிட்டால் நாம் பூவையும் அந்தி வானத்தையும் விட்டு நகரவே மாட்டோம். 'காத்திருப்பு' என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால், அதுவரை கவனிக்காத கொடிக்கயிறும் பூட்டிய கதவும் கண்ணில் படத் தொடங்குகின்றன.

படம் எடுக்கப் பயமில்லை, அடுத்தவர் படத்துக்குக் கருத்துச் சொல்லத்தான் பயம் என்கிறாய். "அப்பர்ச்சர் எது, ஷட்டர் எது என்பதே இப்போதுதான் பிடிபடுகிறது. நான் போய் என்ன சொல்ல?" என்று கேட்டிருக்கிறாய். இதற்குப் பதிலாக, நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இதுவரை உன்னிடம்கூடச் சொன்னதில்லை.

சென்ற வருடம் ஒரு வாரம் 'வெள்ளை' என்று தலைப்பு. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் கொடியில் காயும் வெள்ளைத் துப்பட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். சுவரில் பெரிதாக்கிக் காட்டியதும் எல்லோருக்கும் ஒரே விஷயம்தான் பட்டது: துப்பட்டி வெள்ளையாக இல்லை, அழுக்குச் சாம்பலாக இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், தன் முன்னால் இருப்பதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். ஃபிரேம் முழுக்க வெள்ளை இருந்தால் "இதென்ன இவ்வளவு வெளிச்சம்" என்று அதைக் குறைத்துவிடும். அதனால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிகிற வெளிச்சத்தை, நாம் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டிக்கொள்ள வேண்டும் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). தெரிந்த விஷயம் என்பதால் எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் படிப்பது எப்படி என்றுகூடச் சொன்னேன். பத்து நிமிஷம் இருக்கும். அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நல்ல உதவி செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த மூன்று வாரம் அவள் வரவில்லை. நாலாவது வாரம் வந்தபோது நானே போய்ப் பேசினேன். "சாம்பலாக விழுந்தது எனக்கே தெரியும் அக்கா. அந்தத் துணியில் ராத்திரி யாரோ படுத்து எழுந்த மடிப்பு இருந்தது. துவைத்த பிறகும் போகாமல் ஒரு ஆள் உருவம் மாதிரி நின்றது. அது தெரிகிறதா என்று பார்க்கத்தான் கொண்டு வந்தேன். யாரும் மடிப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை" என்றாள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைத் திரும்பப் பார்த்தேன். மடிப்பு இருந்தது மாலதி. தோள், இடுப்பு, மடக்கிய முழங்கால் எல்லாம் இருந்தன. சாம்பலாக இருந்ததால்தான் அது அவ்வளவு நன்றாகத் தெரிந்தது. நான் சொன்னபடி ஒன்றரை ஸ்டாப் கூட்டியிருந்தால், அந்த மெல்லிய நிழல் வெளிறிப் பாதி போயிருக்கும்.

நான் சொன்ன பாடத்தில் தப்பில்லை. ஆனால் படத்தைப் பார்க்காமல் பாடம் எடுத்திருக்கிறேன். அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். படம் வந்ததும் ஒரு நிமிஷமாவது வாயைத் திறக்காமல் பார்ப்பேன். கண் முதலில் எங்கே போனது, அங்கிருந்து எங்கே நகர்ந்தது, எங்கே மாட்டிக்கொண்டது என்று மட்டும் கவனிப்பேன். பிறகு அதை அப்படியே சொல்வேன். "முதலில் ஜன்னலுக்குப் போனேன், அப்புறம் கையைப் பார்த்தேன், முகத்துக்கு வரவே நேரமாயிற்று" என்று. இதைச் சொல்ல அப்பர்ச்சர் தெரிய வேண்டியதில்லை. முகம்தான் முக்கியம் என்று எடுத்தவருக்கு இந்த ஒரு வரி போதும், ஜன்னலின் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார். கை முக்கியம் என்று நினைத்திருந்தால் சந்தோஷப்படுவார். உன்னால் இன்றைக்கே இதைச் செய்ய முடியும். சொல்லப்போனால் புதிதாக வந்தவர்களின் கண்தான் இதற்கு நல்லது. என்னைப் போல ஆறு வருடம் ஆனவர்களுக்கு, படத்தைப் பார்ப்பதற்கு முன்பே குறை கண்ணில் பட்டுவிடுகிறது.

உன் குழுவிலும் யாராவது ஒருவர் எல்லாப் படத்துக்கும் "மூன்றில் ஒரு பங்கு விதிப்படி இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதைக் கேட்டு மிரண்டுவிடாதே. முக்கியமானதை நடுவில் வைக்காமல், ஃபிரேமின் மூன்றில் ஒரு பங்கில் வைக்கச் சொல்வதுதான் அது. அந்த விதியை 1797-இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் இயற்கைக் காட்சி ஓவியங்களை மனதில் வைத்து எழுதினார். புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839-இல்தான். பயனுள்ள யோசனை, நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் 'சமச்சீர்' என்ற தலைப்புக்கு வந்த படத்தை நடுவிலிருந்து நகர்த்தச் சொன்னால், அவர் தலைப்பையே மறந்துவிட்டார் என்று அர்த்தம்.

"நானாக இருந்தால் கீழே உட்கார்ந்து எடுத்திருப்பேன்" என்று சொல்வதும் அப்படித்தான். அவரவர் எடுத்திருக்க வேண்டிய படத்தைப் பற்றிப் பேசுகிறார்களே தவிர, எதிரே இருக்கிற படத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வெறும் "அருமை", "சூப்பர்" என்பதையும் நான் இப்போது விட்டுவிட்டேன். பிடித்திருந்தால் எது பிடித்தது என்று சொல்கிறேன். எது வேலை செய்தது என்று தெரிந்தால்தானே அடுத்த வாரமும் அதைச் செய்யலாம்.

வாங்கிக்கொள்வது இதைவிடக் கஷ்டம். 'சமச்சீர்' வாரத்தில் ஒரு மாடிப்படியை எடுத்திருந்தேன். "இடதுபக்கக் கைப்பிடி ஃபிரேமின் மூலையில் சரியாக முடிகிறது, வலதுபக்கம் மூலைக்கு ஒரு விரல் முன்னாலேயே நின்றுவிடுகிறது. என் கண் அங்கேயே நிற்கிறது" என்றார் ஒருவர். நான் உடனே ஆரம்பித்தேன். பின்னால் சுவர், நகர இடமில்லை, ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள், வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது... எல்லாமே உண்மை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ஆனால் இந்தச் சுவரில் அதெல்லாம் தெரியவில்லையே" என்றார். மறுநாள் திரும்பப் போனேன். கேமராவை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தி, சற்று முன்னால் வந்ததும் இரண்டு கைப்பிடியும் மூலைக்கு வந்துவிட்டன. பின்னால் நகர வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இப்போது என் படம் சுவரில் வந்தால் பேசுவதில்லை. ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிறேன், எனக்குப் பிடிக்காததையும் சேர்த்து. மூன்று நாள் கழித்துத்தான் எடுத்துப் படிப்பேன். மூன்று பேர் ஒரே இடத்தைச் சொல்லியிருந்தால் அங்கே ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன், அவர்கள் சொன்ன தீர்வு தப்பாக இருந்தாலும்கூட. ஒருவர் மட்டும் சொன்னதை அடித்துவிடுவதும் உண்டு. எல்லோர் சொல்லையும் கேட்டுத் திருத்தினால் என் படம் என்று ஒன்று மிஞ்சாது.

அமெரிக்க அரசுக்காகப் படம் எடுத்துவந்த டோரதியா லாங்கே 1936-இல் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' படத்தை நீ பார்த்திருப்பாய். கன்னத்தில் கை வைத்தபடி ஒரு தாய், இரண்டு பக்கமும் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிள்ளைகள். கீழே வலது மூலையில், கூடாரக் கம்பத்தைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் ஃபிரேமுக்குள் வந்துவிட்டது. லாங்கேக்கு அது உறுத்தியிருக்கிறது. பிற்பாடு நெகட்டிவிலேயே அதை மங்கவைத்துவிட்டார். அவருடைய மேலதிகாரி ராய் ஸ்ட்ரைக்கருக்கு அந்தத் திருத்தம் பிடிக்கவில்லை. ஆவணத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. உற்றுப் பார்த்தால் அந்த விரலின் சாயல் இன்னமும் தெரியும். நான் இரண்டு பிரதிகளையும் அருகருகே வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். விரல் இருக்கும் படம்தான் எனக்குப் பிடிக்கிறது. இதில் யாருக்கும் தீர்ப்புச் சொல்ல முடியாது, படம் எடுத்தவர் முடிவு அது. ஆனால் எந்தப் படத்தைப் பார்த்தாலும் நாலு மூலையையும் ஒருமுறை சுற்றி வரும் பழக்கம் எனக்கு அந்த விரலால்தான் வந்தது.

சரி, உன் படத்துக்கு வருகிறேன்.

'பிரதிபலிப்பு' தலைப்புக்கு வாளித் தண்ணீரை யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. எல்லோரும் கண்ணாடிக்கும் குட்டைக்கும் ஓடுவார்கள். நீ குளியலறையை விட்டே வெளியே போகவில்லை. குழாயிலிருந்து சொட்டு விழுந்து, மேலே எரியும் விளக்கின் பிம்பம் வளையம் வளையமாக உடைகிற நேரம். என் கண் முதலில் அந்த உடைந்த வெளிச்சத்துக்குத்தான் போனது. அங்கே நிற்க ஆசைப்பட்டது, நிற்க முடியவில்லை. வாளியின் விளிம்புக்கு நழுவி வந்துவிட்டது. ஏன் என்று இரண்டாம் நாள்தான் பிடிபட்டது. விளிம்பில் இருக்கும் கீறல்கூடக் கூர்மையாகத் தெரிகிறது, விளக்கோ பஞ்சு மாதிரி இருக்கிறது.

தண்ணீரில் தெரியும் விளக்கு தண்ணீர் இருக்கிற தூரத்தில் இல்லை, மாலதி. கேமராவிலிருந்து தண்ணீர் இரண்டடி, தண்ணீரிலிருந்து விளக்கு ஆறடி என்றால், லென்ஸைப் பொறுத்தவரை அந்த விளக்கு எட்டடியில் இருக்கிறது. எது தெளிவாக விழ வேண்டும் என்று தானாகப் பிடிக்கும் உன் ஆட்டோஃபோகஸ் இரண்டடியில் இருக்கும் விளிம்பைப் பிடித்துக்கொண்டது. 50 மிமீ லென்ஸில் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் திறப்பை, எஃப் 1.8 என்று அகலமாக வைத்திருக்கிறாய், எட்டடி கலங்காமல் என்ன செய்யும்? திறப்பைச் சுருக்கி எஃப் 8-க்குப் போனாலும் இரண்டும் ஒருசேர முழுசாகத் தெளியாது. எது தெளிவாக வேண்டும் என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். விளக்கு வேண்டுமென்றால் ஃபோகஸ் புள்ளியை விளக்கின் பிம்பத்தின் மேலேயே வை. சொட்டு விழுவதற்கு முன், தண்ணீர் அசையாமல் இருக்கும்போது பிடித்துப் பூட்டிவிட்டுக் காத்திரு.

ஆனால் ஒரு கேள்வி. வளையங்கள் கூர்மையாக இருந்து விளக்கு கரைந்து போக வேண்டும் என்று நீ வேண்டுமென்றே செய்தாயா? அப்படியானால் நான் மேலே எழுதியதை அடித்துவிடு. ஏனென்றால் மூன்றாம் நாள் ராத்திரி பார்த்தபோது, தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவர் பார்க்கிற மாதிரி இருந்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது.

இடது கீழ் மூலையில் ஒரு சிவப்பு மூடி பாதி வந்திருக்கிறது. முதல் நாள் அதைக் கிராப் செய்யச் சொல்லலாம் என்று இருந்தேன். இப்போது மனசு வரவில்லை. படத்தில் இருக்கிற ஒரே நிறம் அது. அது இல்லாவிட்டால் ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகிவிடும். ஆனால் பாதியாக வெட்டுப்பட்டிருப்பது உறுத்துகிறது. ஒன்று முழுசாக உள்ளே வரட்டும், இல்லாவிட்டால் முழுசாக வெளியே போகட்டும். சோதித்துப் பார்.

இதோடு என் படம் ஒன்றை வைத்திருக்கிறேன். இந்த வாரத் தலைப்பு 'விளிம்பு'. என்ன நினைத்து எடுத்தேன் என்பதைத் தனித்தாளில் எழுதி, மடித்து ஒட்டி, உறைக்குள்ளேயே போட்டிருக்கிறேன். உன் கண் எங்கே போனது என்று முதலில் எழுதிவிட்டு அப்புறம் அதைப் பிரி.

அன்புடன்,
உமா