‘என்னமோ’ என்று சொன்னதற்காக

அன்புள்ள அண்ணனுக்கு,

வயலைக் குத்தகைக்கு விடப் போவதில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், கடைசியில் வைத்தால் அங்கே போய்ச் சேருவதற்குள் மனம் மாறிவிடும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் குரலைக் கேட்டதும் ‘சரிங்க அண்ணே’ என்பது 46 வயதிலும் என் வாயில் தானாக வந்துவிடுகிறது. எல்லோரும் படிக்கிற இடத்தில் எதற்கு எழுதினாள் என்று அண்ணி கேட்பார்கள். உங்களுக்கு மட்டும் அனுப்பினால், நாளைக் காலையிலேயே அதை அழித்துவிட்டு நீங்கள் சொன்ன ஆளையே வரச் சொல்லிவிடுவேன். அதனால்தான்.

என் வீட்டுக்காரர் போன பிறகு நீங்கள் செய்ததையெல்லாம் இங்கே எழுதவில்லை. அந்தப் பணத்தைப் பற்றியும் எழுதவில்லை. இரண்டும் உங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

2023 ஜூன் கடைசியில் ஒரு காலை. குறுவை விதையைத் தொட்டியில் ஊறவைத்து எடுத்து, சாக்கில் கட்டி, மேலே வைக்கோல் போட்டு வைத்திருந்தேன். சாக்குக்குள் கையை விட்டேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தடியில் கை வைத்தது போல ஒரு வெதுவெதுப்பு. விரலில் ஒட்டிக்கொண்டு வந்த நெல்லில் ஊசிமுனை அளவு வெள்ளை முளை. முளை கட்டிவிட்ட விதை காத்திருக்காது. அன்றைக்கோ மறுநாளோ நாற்றங்காலில் தெளித்தாக வேண்டும். ஒரு கை சாக்குக்குள் இருக்க, மறு கையால் உங்களை அழைத்தேன்.

“அண்ணே, எனக்கு என்னமோ சரியாகப் படவில்லை.”

“என்னமோ என்றால்? விவரமாகச் சொல்.”

அதட்டவில்லை. அன்பாகத்தான் கேட்டீர்கள். “ஒன்றுமில்லை அண்ணே” என்றேன். “ஊரே விதைக்கிறது, நீ மட்டும் தரிசு போடப் போகிறாயா?” என்று சிரித்தீர்கள். தெளித்துவிட்டேன்.

விவரம் என்னிடம் இருந்தது. பேப்பரில் வரும் மேட்டூர் நீர்மட்டத்தை அவர் தினமும் டைரியில் குறித்து வைப்பாரே, அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. அந்த ஆண்டு ஜூன் 12 அன்று அணை திறந்தபோது 103 அடி. கையிருப்பு 69 டிஎம்சி சொச்சம் (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). விநாடிக்கு 10,000 கன அடி விட்டால் நாளுக்கு ஒரு டிஎம்சிக்குச் சற்றுக் குறைவு. அடிவரை வழித்தெடுத்தாலும் 80 நாள். குறுவைக்கு 110 நாள். மீதி நாளுக்குக் கர்நாடகம் கொடுத்தால்தான் உண்டு. காவிரித் தீர்ப்புப்படி ஜூனில் 9.19, ஜூலையில் 31.24 டிஎம்சி வரவேண்டும். ஆனால் கேரளத்தில் பருவமழையே ஜூன் 8 அன்றுதான் தொடங்கியிருந்தது. கர்நாடகத்து அணைகள் நிரம்பாமல் யார் கொடுப்பார்கள்? அப்படியே கொடுத்தாலும் கல்லணை தாண்டி எங்கள் கடைமடைக்கு வந்து சேரவேண்டும். இத்தனையும் பென்சிலில் கூட்டிக் கழித்து எழுதி வைத்திருந்தேன், அண்ணே. டைரி மாடத்தில் இருந்தது. நீங்கள் ‘விவரம்’ என்றதும், என் கையெழுத்தில் இருப்பது எப்படி விவரமாகும் என்று தோன்றிவிட்டது.

செப்டம்பர் முதல் வாரம், கதிர் மடலுக்குள் இருக்கும் தொண்டைக்கதிர் நேரம், வாய்க்காலில் தண்ணீர் நின்றுபோனது. வெடித்த வயலில் ஒரு தூரைப் பிடுங்கி மடலைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே கதிர் இருந்தது, வெளுத்துப்போய், வெளியே வர வழியில்லாமல். ஆட்டுக்கு விட்டேன். அக்டோபர் 10 அன்று மேட்டூரை மூடினார்கள். அந்தத் தேதியையும் டைரியில் எழுதினேன், எதற்கென்று தெரியவில்லை.

இனி எழுதுவதற்குத்தான் நான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அந்தக் கார்த்திகையில் நடந்த கல்யாணத்தில், பந்தியில் நம் சொந்தங்கள் நாலைந்து பேர் இருக்க, “நான் என்ன செய்வது, அண்ணன் சொன்னார், விதைத்தேன்” என்றேன். இரண்டு இலை தள்ளி நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ரசத்துக்குக் கை காட்டிவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். அதைப் பற்றி இன்றுவரை நீங்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தப்பு என்னுடையது. விளைந்தால் என் உழைப்பு, காய்ந்தால் அண்ணன் யோசனை. எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் உங்களைக் கேட்டேனே, அதில் பாதி இந்த வசதிக்காகத்தான். அதற்காக என்னை மன்னித்துவிடுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த வயலில் நீங்கள் கடைசியாக எப்போது இறங்கினீர்கள்? சாலையில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்து, என்னை வரப்பேறி வரச் சொல்லித்தானே பேசுவீர்கள்? சின்ன வயதிலிருந்து வீட்டில் எனக்குச் சொன்னதெல்லாம் ‘அண்ணனைக் கேள்’. உங்களிடம் ஒருமுறையாவது ‘தங்கச்சியைக் கேள்’ என்று யாராவது சொன்னார்களா? சரி, விடுங்கள். பிள்ளைகள் படிப்பார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். உங்களுக்குப் போன் செய்வதற்கு முன், என் மனதில் படுவதைத் தேதி போட்டு எழுதிவிடுவேன். பிறகு நீங்கள் சொல்வதை அதன் கீழே எழுதுவேன். உரம், களை, அறுவடை நாள், இப்படிப் பதினான்கு மாதத்தில் பதினொரு கணக்கு. ஏழில் நான் எழுதியது சரி. மூன்றில் நீங்கள். ஒன்றில் இருவருமே கோட்டை விட்டோம். (யூரியா விஷயம். சிரிக்காதீர்கள்.)

அந்த மூன்றில் ஒன்று 2024 சம்பா. பள்ளத்து வயலுக்கு சி.ஆர். 1009 நெல் ரகம்தான் தாங்கும் என்றீர்கள். நான் பி.பி.டி. ரகம் போட்டேன். நவம்பர் கடைசியில் புயல் மழை கொட்டி, நான்கு நாள் பயிருக்கு மேல் தண்ணீர் நின்று, பள்ளம் முழுக்க அழுகிவிட்டது. டைரியில் அந்தத் தேதியைப் புரட்டினால் ‘என்னமோ’ என்ற சொல்லே இல்லை. ‘மூட்டைக்கு விலை கூட’ என்றுதான் எழுதியிருக்கிறேன். அது உள்மனம் சொன்னதில்லை, ஆசை. பயத்தையும் இப்போது கொஞ்சம் அடையாளம் தெரிகிறது. அது ராத்திரியில்தான் பேசும், விடிய விடியப் பேசும், பெரும்பாலும் உங்கள் குரலில்தான் பேசும். உள்மனம் ஒரு தடவை சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடும். அதுவும் கால் சேற்றில் இருக்கும்போதுதான்.

இன்று காலை மேட்டு வயலில் இறங்கினேன். நெல் சாய்ந்து பொன்னாக இருக்கிறது. அறுப்புக்கு முன்னே உளுந்து தெளிக்க மண் மெழுகுப் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்கத்தான் போனேன். மிதித்த இடத்தில் தண்ணீர் ஊறவில்லை. குதிகாலும் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து நின்றன. அறுவடை இயந்திரக்காரர் தம்பி வரப்பில் நின்று, “அண்ணனைக் கேட்டுவிட்டீர்களா அக்கா?” என்றார். இல்லை, நாளைக்குத் தெளிக்கிறேன், நாலு நாள் கழித்து வண்டியை இறக்கு என்றேன். அவர் உங்களுக்குப் போன் செய்திருப்பார் என்று தெரியும்.

ஏடிடீ 3 உளுந்து விதையில் பத்து கிலோ மிச்சமிருக்கிறது. உங்கள் மேலத்தெரு வயலுக்கு வேண்டுமென்றால் ஆளை அனுப்புங்கள். நீங்களே வந்தால் இன்னும் நல்லது. வண்டியைச் சாலையில் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.

உங்கள் தங்கை