செபஸ்தியான் கஸ்தெலியோவையும் கற்பியுங்கள்: சுவிஸ் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

வார இறுதி ஓய்வை விட்டுக்கொடுத்து நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்துவரும் நீங்கள், மேல்வகுப்புகளின் வாசிப்புக்கும் கட்டுரைக்கும் பொருள் தேடும்போது, பாசல் நகரில் வாழ்ந்து மறைந்த செபஸ்தியான் கஸ்தெலியோ என்ற அறிஞரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கவே இம்மடலை எழுதுகிறேன். ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்து மனிதநேய அறிஞர்களைப் பற்றிப் பேசும்போது எரஸ்மஸ், தொமஸ் மோர் ஆகியோரின் பெயர்கள் உடனே வந்துவிடுகின்றன. கஸ்தெலியோவின் பெயர் அரிதாகவே வருகிறது. நம் பிள்ளைகளோ அவர் வாழ்ந்த ஊர்களிலேயே வளர்கிறார்கள்.

1515இல் சவோய் நாட்டுச் சிற்றூர் ஒன்றில், உழவர் குடும்பத்தில் பிறந்த அவர், லியோனில் இலத்தீனும் கிரேக்கமும் கற்று, 1541இல் ஜெனீவாவின் ரீவ் கல்லூரிக்குத் தலைமையாசிரியரானார். மாணவர்களின் இலத்தீன் பயிற்சிக்காக வேதாகமக் கதைகளை எளிய உரையாடல்களாக்கி அவர் இயற்றிய பாடநூல், பல பதிப்புகள் கண்டு, தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் புழங்கியது. மொழி கற்பிக்கும் உங்களுக்கு இந்த ஒன்றே அவரை நெருக்கமானவராக்கும் என்று நம்புகிறேன். ஆனால் வேதாகமத்தின் உன்னதப்பாட்டை அவர் ஒரு காதற்பாட்டாகவே வாசித்தார்; கிறிஸ்து பாதாளத்தில் இறங்கினார் என்ற விசுவாச வரிக்கு, ஜெனீவாவின் திருச்சபைச் சீர்திருத்தத் தலைவரான கல்வின் தந்த விளக்கத்தையும் ஏற்கவில்லை. இதனால் போதகர் பதவி மறுக்கப்பட்டது. அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டபோது ஜெனீவாவின் போதகர்கள் கொடுத்த சான்றுக் கடிதம், அவருடைய ஒழுக்கத்தில் குறை ஏதுமில்லை, கருத்து வேறுபாடே காரணம் என்று தெளிவாகச் சொல்கிறது.

பாசலில் ஒபோரினுஸின் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திப் பெருங்குடும்பத்தைக் காத்த அந்த ஆண்டுகள் கொடியவை. வெள்ளத்தில் மிதந்துவரும் மரக்கட்டைகளை ரைன் ஆற்றிலிருந்து கொக்கியால் இழுத்து அவர் அடுப்பெரித்தார். பின்னாளில் கல்வின் இதையே திருட்டென்று எழுதியபோது, யாருக்கும் உரிமையற்ற கட்டைகளை ஊரார் பலரோடு சேர்ந்து பட்டப்பகலில் எடுத்தேன் என்று ஒளிவுமறைவின்றிப் பதில் எழுதினார். அந்த வறுமைக்கு நடுவில்தான் வேதாகமம் முழுவதையும் இலத்தீனில் பெயர்த்து 1551இலும், பாமரரும் படிக்கும் பிரெஞ்சில் பெயர்த்து 1555இலும் வெளியிட்டார். இடையே 1553இல் பாசல் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியரானார்.

அதே 1553 ஒக்ரோபர் 27ஆம் நாள், ஒரே கடவுள் மூன்று ஆள்களாய் இருக்கிறார் என்னும் திரித்துவக் கோட்பாட்டை மறுத்த ஸ்பானிய மருத்துவர் மிகுவேல் சேர்வெட்டஸ், ஜெனீவாவின் ஷாம்பெல் மேட்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். ஐந்து மாதங்களுக்குள் மார்ட்டினுஸ் பெல்லியுஸ் என்ற புனைபெயரில், பொய்யான பதிப்பிடத்தோடு, பாசலில் ஒரு நூல் அச்சாகி வெளிவந்தது. மதக்கருத்துக்காக எவரையும் தண்டிக்கலாகாது என்று லூதர், எரஸ்மஸ் முதலானோர் எழுதியவற்றை அதில் கஸ்தெலியோ தொகுத்திருந்தார். கல்வின் தம் இளமையில் எழுதிய வரிகளும் அதில் இடம்பெற்றன. முன்னுரையில் ஓர் உவமைக்கதை வருகிறது. தான் வரும் நாளைச் சொல்லாத இளவரசர் ஒருவர், வெண்ணுடை தைத்து ஆயத்தமாக இருங்கள் என்று குடிகளுக்குக் கட்டளையிடுகிறார். அவர்களோ உடையை மறந்து, அவர் குதிரையில் வருவாரா தேரில் வருவாரா என்று வாதிட்டு, வாதம் முற்றி, அவர் பெயராலேயே ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் இக்கதை முழுமையாக விளங்கும்.

சேர்வெட்டஸுக்குத் தந்த தண்டனையை நியாயப்படுத்திக் கல்வின் எழுதிய தற்காப்பு நூலுக்குக் கஸ்தெலியோ எழுதிய மறுப்பில்தான் அந்தப் புகழ்பெற்ற வரி உள்ளது: "ஒரு மனிதனைக் கொல்வது ஒரு கோட்பாட்டைக் காப்பது ஆகாது, அது ஒரு மனிதனைக் கொல்வதே ஆகும்." அந்த நூல் அவர் உயிரோடிருந்தவரை அச்சேறவில்லை, 1612இல்தான் ஒல்லாந்தில் வெளிவந்தது.

ஷாம்பெல்லில் 1903இல் கல்வினின் வழிவந்தோரே சேர்வெட்டஸுக்கு ஒரு நினைவுக்கல் நட்டார்கள். அந்தச் செயலை மதிக்கிறேன். ஆயினும் கல்வினின் தவறை 'அவருடைய நூற்றாண்டின் தவறு' என்று அக்கல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே நூற்றாண்டில், அதே திருச்சபைச் சீர்திருத்த அணியில், கல்வின் வீட்டிலேயே ஒருகாலத்தில் தங்கியிருந்த ஒருவர், சாம்பல் ஆறுமுன்னே இது தவறு என்று எழுதிவிட்டார். அக்கால மனிதர் அப்படித்தான் என்ற சமாதானத்தைப் பிள்ளைகள் எளிதில் நம்பிவிடுகிறார்கள்; கஸ்தெலியோவை அறிந்த பிள்ளை அப்படி நம்பாது.

அவருடைய இரக்கம் அவருடைய புலமையிலிருந்தே பிறந்தது என்பதை நீங்கள் சிறப்பாக எடுத்துரைக்க வேண்டும். எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் வரிவரியாகப் பெயர்த்தவர் அவர்; விளங்காத இடங்களில் தமக்கு விளங்கவில்லை என்றே குறிப்பெழுதியவர். மூலநூலில் இருள் படிந்த பகுதிகள் எத்தனை என்று கைப்பட அறிந்த ஒருவரால், அவற்றுள் ஒன்றுக்குத் தரும் விளக்கத்துக்காக இன்னொருவர் உயிரைப் பறிப்பதை எப்படிப் பொறுக்க முடியும்? கடவுளையே மறுப்பவர்களுக்கு இந்தப் பரிவை அவர் முழுமையாக நீட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1562இல் பிரான்சில் மதப்போர் மூண்டபோது, கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் ஆகிய இரு தரப்பையும் நோக்கி, மனச்சாட்சியை வற்புறுத்துவதே இந்நோய்க்கு மூலம் என்று ஒரு சிறுநூல் எழுதினார். உள்நாட்டுப் போரின் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல், இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்ட நூல் அது: உங்களுக்குச் செய்யப்படுவதை நீங்கள் விரும்பாதபோது அதையே பிறருக்கு ஏன் செய்கிறீர்கள்? போரைத் தப்பிவந்த நம் குடும்பங்களில் இதை உரக்கப் படித்தால் பெரியவர்களும் அமர்ந்து கேட்பார்கள். அடுத்த ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், மதவிரோதக் குற்றச்சாட்டு ஒன்று விசாரணையில் இருக்கும்போதே, நாற்பத்தெட்டு வயதில் அவர் காலமானார்.

ஆகவே, வெண்ணுடைக் கதையை நடுநிலை வகுப்புகளுக்கும், 1562ஆம் ஆண்டின் சிறுநூலை மேல்வகுப்புகளுக்கும் வைக்க வேண்டுகிறேன். ஜெனீவாவிலும் லொசானிலும் பிரெஞ்சில் படிக்கும் நம் பிள்ளைகள், சற்று உதவினால், மூலத்திலிருந்தே சில பக்கங்களைத் தமிழாக்கிவிடுவார்கள். பாடம் எழுதும்போது கல்வினைக் கொடியவராகவும் கஸ்தெலியோவைப் புனிதராகவும் தீட்டிவிடாதீர்கள். தம் மறுப்பு நூலில் அவர் கல்வினின் சொற்களைப் பகுதி பகுதியாக அப்படியே தந்து, ஒவ்வொன்றின் கீழும் தம் பதிலை எழுதினார். நம் பாடத்திலும் இருவர் சொற்களும் அவ்வாறே அருகருகே நிற்கட்டும்.

அன்புடன்,
பாசலில் வாழும் ஒரு தமிழ்ப் பெற்றோர்