பரணில் இருக்கும் பிலிம் டின்கள்

சேலம்,
மார்கழி

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். மாப்பிள்ளையையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

ஆத்தூரில் சம்பந்தி வீட்டுப் பரணில் பழைய பிலிம் டின்கள் கிடக்கின்றன, போகிக்குள் பரணைக் காலி செய்யப் போகிறார்கள் என்று சொன்னாய் அல்லவா? இந்தக் கடிதத்தை நீயும் மாப்பிள்ளையும் முழுதாகப் படிக்கும்வரை யாரும் ஒரு டின்னையும் திறக்க வேண்டாம். போகி நெருப்பில் விரல் நீளத் துண்டுகூட விழக்கூடாது. பழைய இரும்புக் கடைக்கும் போகக்கூடாது. அந்த டின்களில் இருப்பது வெறும் படம் இல்லை கண்ணு. சேலம் ஏரியா எப்படிப் படம் பார்த்தது என்பது அந்தச் சுருளிலேயே கீறலாகவும் ஒட்டாகவும் பதிந்திருக்கிறது. அதனால் சுத்தம் செய்யப் போகிறேன் என்று துடைத்துவிடாதீர்கள்.

முதலில் நெருப்பு விஷயம். 1950-களின் தொடக்கம் வரை 35 மி.மீ. படங்கள் நைட்ரேட் பிலிமில்தான் வந்தன. அது பற்றிக்கொண்டால் தண்ணீரோ மணலோ அணைக்காது. எரிவதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. புகையும் விஷம். கெட்டுப்போன நைட்ரேட் 40 டிகிரி வாக்கிலேயே தானாகப் பற்றக்கூடும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் ஓட்டுக்கு அடியில் இருக்கும் பரண் அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே என்று இருந்துவிடக் கூடாது.

டின்களைக் காலை நேரத்தில், வெளியே நிழலில் வைத்துத் திற. பக்கத்தில் அடுப்பு, பீடி, சாமி விளக்கு எதுவும் வேண்டாம். மூடி துருப்பிடித்து இறுகியிருந்தால் சுத்தியலால் தட்டாதே. கரண்டிக் காம்பை விளிம்பில் கொடுத்துச் சுற்றிச் சுற்றி நெம்பினால் வந்துவிடும். உள்ளே சுருள் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தாலோ, தேன் நிற நுரை கட்டியிருந்தாலோ, பழுப்புத் தூளாக உதிர்ந்திருந்தாலோ அது அழுகிய நைட்ரேட். மூடியை அழுத்தாமல் மேலே வைத்து, வீட்டைவிட்டுத் தள்ளி நிழலில் வைத்துவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள். அதற்குமேல் அதில் கை வைக்க வேண்டாம்.

நன்றாக இருக்கும் சுருளில் துளைகளை ஒட்டிய ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார். ஆங்கிலத்தில் சேஃப்டி என்றோ நைட்ரேட் என்றோ அச்சாகியிருக்கும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. தெளிந்த ஓரத்தில் கறுப்பு எழுத்தாக இருந்தால் அது இந்தப் பிலிமின் சொந்த எழுத்து. கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இருந்தால் நெகட்டிவில், அதாவது மூலப் பிலிமில், இருந்தது தியேட்டருக்காக எடுத்த படியான பிரிண்டில் பதிந்துவிட்டது என்று அர்த்தம், அதை நம்பக் கூடாது. கோடாக் பிலிம் என்றால் எழுத்துக்குப் பக்கத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் என்று குறிகள் இருக்கும். பிலிம் தயாரான ஆண்டுக்கான குறிகள் அவை. 20 ஆண்டுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும். அதனால் படம் எந்தக் காலத்தது என்று தோராயமாகத் தெரிந்தால்தான் ஆண்டைச் சொல்ல முடியும்.

உங்கள் டின்களில் பெரும்பாலும் நைட்ரேட்டுக்குப் பின் வந்த சேஃப்டி பிலிமான அசிடேட்தான் இருக்கும். அது வெடிக்காது, ஆனால் புளிக்கும். மூடியைத் திறந்ததும் வினிகர் நெடி மூக்கில் ஏறினால் படத்தைத் தாங்கும் அடிப்படலம் சிதையத் தொடங்கிவிட்டது. அந்த ஆவி பக்கத்து டின்னையும் கெடுக்கும், ஆகவே நெடி அடிக்கும் டின்களை வேறு அறைக்கு மாற்று. 1990-களுக்குப் பிந்திய பிரிண்ட் பாலியஸ்டராக இருக்கலாம். சுருளைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்குக் காட்டினால் பாலியஸ்டர் ஊடுருவித் தெரியும், அசிடேட் இருட்டாக இருக்கும். கிழித்துப் பார்க்கத் தேவையில்லை. பாலியஸ்டர் கையால் கிழியவும் செய்யாது.

அடுத்தது பிலிம் சுருங்குவது. இதை அளக்காமல் எந்த மெஷினிலும் ஏற்றக் கூடாது. எஃகு அளவுகோலை மேசையில் வைத்து, ஒரு துளையின் மேல்விளிம்பில் தொடங்கி 101-வது துளையின் மேல்விளிம்பு வரை அள. புதுப் பிலிமில் 475 மி.மீ. இருக்கும். 470-க்கு வந்திருந்தால் நூற்றுக்கு ஒன்று சுருங்கிவிட்டது. புரொஜக்டரின் பற்சக்கரம் பழைய இடைவெளியில்தான் இருக்கும், சுருங்கிய துளை அதில் உட்காராமல் ஓரம் முழுக்கக் கிழித்துக்கொண்டே போகும். ஊரில் யாரிடமாவது பழைய புரொஜக்டர் இருக்கிறது, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்று மாப்பிள்ளை ஆசைப்படுவார். வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அந்த ஒரே தடவையில் மிச்சமிருப்பதும் போய்விடும்.

சுருளைப் பிரிக்கும்போது பருத்திக் கையுறை போட்டு ஓரத்தை மட்டும் பிடி. வழவழப்பான பக்கம் அடிப்படலம், மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. சுருள் தளர்ந்திருந்தால் நுனியைப் பிடித்து இறுக்கி இழுக்காதே. அடுக்குகள் ஒன்றோடொன்று உரசி, நடுவில் இருக்கும் தூசியெல்லாம் நீளக் கோடாகப் போட்டுவிடும். திரையில் மழை பெய்வது போலத் தெரியுமே, அந்தக் கோடுகளில் பல ஓட்டும்போது விழுந்தவை இல்லை, அவசரமாகத் திருப்பிச் சுற்றும்போது விழுந்தவை.

வெளியே இருக்கும் நுனி படத்தின் தொடக்கமாக இருக்காமல் போகலாம். ஓடி முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றாமல் பெட்டியில் போட்டிருந்தால் முடிவுதான் வெளியே இருக்கும். நுனியில் மையால் படத்தின் பெயரும் ரீல் நம்பரும் எழுதியிருக்கும். அழுக்காக இருக்கிறதே என்று அதை வெட்டிவிடாதே, பல டின்களுக்கு அது ஒன்றுதான் அடையாளம். டின்மேல் ஒட்டிய சீட்டை நம்ப முடியாது, டின்னும் ரீலும் வழியில் மாறிப்போவது சகஜம். பிலிமில் இருக்கும் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு பிரேம். ஓர் அடியில் 16 பிரேம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். 1000 அடி ரீல் 11 நிமிஷம் ஓடும். 14,000 அடிப் படம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். இருக்கிற ரீல்களை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் எவ்வளவு குறைகிறது என்று தெரியும். குறைவது பெரும்பாலும் பாட்டு இருக்கும் ரீலாக இருக்கும். நல்ல பாட்டுத் துண்டை வெட்டி எடுத்துக்கொள்வது எல்லா ஊரிலும் நடந்தது.

இனி அந்தத் தழும்புகளைப் பற்றி. எனக்கு இதில்தான் மனசு நிற்கிறது.

ரீல் முடியும் இடத்தில் படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி நான்கு பிரேமுக்கு வரும். அது அடுத்த புரொஜக்டரின் மோட்டாரை ஓட்டிவிடு என்று ஆபரேட்டருக்குச் சொல்வது. சுமார் 7 விநாடி கழித்து இன்னொரு புள்ளி, அப்போது வெளிச்சத்தை இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். பிரிண்ட் போடும் லேபில் வைத்த புள்ளி ஒழுங்கான வட்டமாக இருக்கும். ரீல் நுனி கிழிந்து கிழிந்து குறையும்போது அந்தப் புள்ளியும் சேர்ந்து போய்விடும். அப்போது ஆபரேட்டர் ஆணியால் பெருக்கல் குறி கீறிக்கொள்வார். ஒரே ரீலில் அப்படி நாலைந்து குறி இருந்தால் நாலைந்து கொட்டகைகளில் நுனி இழந்து வந்திருக்கிறது என்று படிக்கலாம்.

கலர் பிரிண்டில் சாயம் மூன்று அடுக்காக இருக்கும். பச்சைக் கோடு தெரிந்தால் மேல் அடுக்கு மட்டும் சுரண்டப்பட்டிருக்கிறது. மஞ்சள் கோடு என்றால் இரண்டாம் அடுக்கும் போயிற்று, வெள்ளை என்றால் மூன்றும் போயிற்று. கறுப்புக் கோடு வழவழப்பான பக்கத்தில் விழுந்தது, அதற்குள் தூசி அடைந்திருக்கும். அடியில் படம் நன்றாகவே இருக்கும், ஸ்கேன் செய்பவர்களால் அதைப் பெருமளவு சரிசெய்ய முடியும். ஒரு பிரேம் மட்டும் கொப்பளித்துப் பழுத்திருந்தால் அந்த இடத்தில் பிலிம் நின்றுவிட்டது. புரொஜக்டரின் கார்பன் விளக்குச் சூட்டுக்கு முன்னால் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் பிலிமுக்குப் பிழைப்பு, நின்றால் கண்மூடித் திறப்பதற்குள் வெந்துவிடும்.

ஒட்டுப் போட்ட இடங்களைக் கவனி. ஒரு காட்சிக்கான சத்தம் அந்தப் பிரேமுக்குப் பக்கத்தில் இருக்காது. 21 பிரேம் முன்னால் தள்ளிப் பதிந்திருக்கும், ஏனென்றால் புரொஜக்டரில் லென்ஸைத் தாண்டிக் கீழேதான் சத்தம் படிக்கும் இடம். ஆகவே ஒட்டு வரும்போது முதலில் படம் குதிக்கும், ஏறக்குறைய ஒரு விநாடி கழித்து வசனம் குதிக்கும். நம் ஜனங்கள் விசில் அடித்ததெல்லாம் இந்த இரண்டு குதிப்புக்கும் நடுவில்தான். பழைய ஒட்டு பிரிந்திருந்தால் அப்படியே விட்டு, இரண்டு நுனியையும் ஒரே காகித உறையில் வை. செல்லோடேப் மட்டும் போடாதே, பசை வழிந்து மேலும் கீழும் இருக்கும் சுற்றுகளில் ஊறிவிடும்.

இவ்வளவு தேய்மானம் ஏன் என்று பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல். விநியோகக் கணக்கில் சேலம் என்பது தனி ஏரியா. தருமபுரி 1965-இலும் நாமக்கல் 1997-இலும் கிருஷ்ணகிரி 2004-இலும் தனி மாவட்டமாகிப் போன பிறகும் படக்காரர்களுக்கு அது எல்லாம் சேலம் ஏரியாதான். படப்பெட்டி முதலில் டவுன் தியேட்டரில் ஓடும். அப்புறம் ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு, மேட்டூர். கடைசியில் டூரிங் டாக்கீஸ். அங்கே பெரும்பாலும் ஒரே புரொஜக்டர், ரீலுக்கு ரீல் விளக்கைப் போட்டு மாற்றுவார்கள். கீழே மண் தரை, மேலே கீற்று. அந்தப் புழுதி எல்லாம் பிலிமுக்குத்தான். டவுனிலும் சில சமயம் ஒரே பெட்டியை இரண்டு தியேட்டர்கள் பங்கிட்டு ஓட்டும். இங்கே முடிந்த ரீல் சைக்கிளில் அங்கே ஓடும், திருப்பிச் சுற்றுவதற்கு நிதானம் ஏது? ஆத்தூர் வரை வந்த பிரிண்ட் முகம் கழுவினது போல இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டின்னில் மாடர்ன் தியேட்டர்ஸ் பெயர் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வை, உடனே எனக்குப் போன் செய். டி.ஆர். சுந்தரம் 1935-இல் ஏற்காடு சாலையில் தொடங்கிய ஸ்டுடியோ அது. இன்று நுழைவாயில் வளைவு மட்டும் நிற்கிறது. மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-இல் அங்கிருந்துதான் வந்தது, இன்று பார்க்கக் கிடைப்பதில்லை. 1956-இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம், கேவாகலர் என்ற கலர் பிலிமில் எடுத்தது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அந்த வெள்ளிக்காக எத்தனையோ படங்களை உருக்கிவிட்டார்கள். கலர் பிரிண்டில் லேபிலேயே வெள்ளியை எடுத்துவிடுவார்கள், பழைய சாமான்காரருக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. சம்பந்தியிடம் இதைச் சொன்னால் விலைப்பேச்சு தானாக அடங்கிவிடும். கலர் முழுக்க ரோஜா நிறமாகப் போயிருந்தாலும் குப்பை என்று நினைக்காதே. 1980-களின் தொடக்கம் வரை வந்த ஈஸ்ட்மன் கலர் பிரிண்டுகளில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளுக்கும், சிவப்பு மட்டும் நிற்கும். படமும் சத்தமும் அதில் இருக்கின்றன.

எங்கே வைப்பது? ஏற்காட்டில் உங்கள் சித்தப்பா வீடு குளுகுளுவென்று இருக்கிறதே என்று அம்மா சொல்கிறாள். கூடவே கூடாது. அங்கே சூடு குறைவு, ஆனால் மூடுபனி. காற்றில் ஈரம் 60 சதவீதத்தைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் பூச்சில் பூஞ்சை பிடிக்கும். ஃபிரிட்ஜும் வேண்டாம். ஆத்தூர் வீட்டிலேயே தரைத்தளத்தில் வெயில் படாத உள்ளறை போதும். டின்களைத் தரையில் வைக்காமல் பலகைமேல் படுக்கவைத்து அடுக்கு, நிறுத்தி வைத்தால் சுருள் தன் பாரத்திலேயே கோணிவிடும். 1000 அடி ரீல் ஒன்று இரண்டரைக் கிலோவுக்குக் கிட்ட வரும், ஆறு டின்னுக்குமேல் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றாதே. பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதே, புளித்த ஆவி வெளியே போக வழி வேண்டும். பூஞ்சை இருந்தாலும் ஈரத்துணி, பெட்ரோல், தின்னர் எதுவும் தொடக்கூடாது. ஈரம் பட்டால் ஜெலட்டின் கரைந்து படமே துணியோடு வந்துவிடும்.

பரணில் டின்களோடு இருக்கும் காகிதங்களையும் எடுத்து வை. பாட்டுப் புத்தகம், நோட்டீஸ், விளம்பரக் கண்ணாடி ஸ்லைடு, தினசரி வசூல் காட்டும் டி.சி.ஆர். சீட்டு எல்லாமே. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது என்பது அந்தச் சீட்டில்தான் இருக்கும், வேறு எங்கும் இருக்காது. பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சுவரில் படம் காட்டப் பிள்ளைகள் வைத்திருந்த ஒற்றைப் பிரேம் துண்டுகள் கிடைத்தால் அவற்றையும் உறையில் போடு. முழுப் படமும் தொலைந்து துண்டு மட்டும் மிஞ்சிய கதைகள் நிறைய உண்டு.

கடைசியில் இவை போக வேண்டிய இடம் புனேயில் இருக்கும் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம். 1964 முதல் இருப்பது, இப்போது தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் (என்.எஃப்.டி.சி.) கீழ் இருக்கிறது. பற்சக்கரம் இல்லாமல் உருளையில் ஓடும் ஸ்கேனர்களில் சுருங்கிய பிலிமையும் படியெடுக்கலாம். அவர்களுக்கு எழுதுவதற்கு முன் ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு வரி வேண்டும்: நுனியில் எழுதியிருக்கும் பெயர், ரீல் நம்பர், ஓர எழுத்து, நெடி உண்டா இல்லையா, 100 துளை அளவு. பஸ்ஸிலோ பார்சலிலோ தானாக அனுப்பிவிடாதீர்கள். எப்படிக் கட்டுவது என்று அவர்களே சொல்வார்கள்.

போகிக்கு நாலு நாள் முன்னால் நான் ஆத்தூர் வந்துவிடுகிறேன். எஃகு அளவுகோல், பூதக்கண்ணாடி, கையுறை, காகித உறைகள் என்னிடம் இருக்கின்றன. நீ ஒரு நீள மேசையும் பஞ்சு உதிராத வெள்ளைத் துணியும் தயார் செய்து வை. சம்பந்தியிடம் நான் இன்று இரவே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா