வலி ஊசிக்கும் கிட்னி கணக்கு வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிட்னி ஃபெயிலியர் ஆனவருக்கு ஆபரேஷன் என்றாலே "மயக்க மருந்து உடம்பிலேயே தங்கிடும், எழுந்திருக்க மாட்டார்" என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். டயாலிசிஸில் இருக்கும் என் அப்பாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன் என்றபோது நானும் அந்தப் பயத்தோடுதான் போனேன்.

மயக்க மருத்துவர் முதல் நாளே வந்து, கடைசி டயாலிசிஸ் எப்போது, பொட்டாசியம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டார், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலா உள்ள இடது கையில் பி.பி. கூடப் பார்க்கக் கூடாது என்று எழுதிவைத்தார். பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் மயக்க மருந்தான புரோபோஃபாலைப் பெரும்பாலும் கல்லீரல்தான் உடைக்கிறது, அதனால் கிட்னிக்காக மட்டும் அளவைக் குறைக்க வேண்டியதில்லை, ரத்தசோகை இருந்தால் சிலருக்குக் கூடுதலாகவே தேவைப்படும், ஆனால் டயாலிசிஸில் நீர் எடுத்த உடம்பு என்பதால் வேகமாகச் செலுத்தினால் பி.பி. இறங்கிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுப்பேன் என்றார். பழைய மயக்க மருந்தான தியோபென்டோன் அப்படி இல்லையாம். கிட்னி நோயாளியின் ரத்தத்தில் அது புரதத்தோடு சரியாக ஒட்டாது, ஒட்டாத மருந்துதான் மூளைக்குப் போகும், அதனால் குறைத்துப் போட வேண்டும்.

அப்பா நன்றாகவே கண் விழித்தார், என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம்தான் வினை. ராத்திரி வார்டில், எல்லோருக்கும் போடுவது போலவே வலிக்கு மார்ஃபின், 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை. மூன்றாவது ஊசிக்குப் பிறகு தட்டினாலும் எழவில்லை. நெஞ்சில் கை வைத்து, செல்போனில் நேரம் பார்த்து எண்ணினேன், ஒரு நிமிடத்துக்கு 6 மூச்சு. முறிவு மருந்தான நாலாக்ஸோன் போட்டதும் விழித்தவர், ஒரு மணி நேரத்தில் மறுபடி மயங்கினார். ஐ.சி.யு.வில் விடியும்வரை அதை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். மார்ஃபினைக் கல்லீரல் உடைக்கும்போது உண்டாகும் பொருள் ஒன்று மார்ஃபினைவிட வீரியமானது, அது வெளியேற கிட்னிதான் வழி என்பதை மறுநாள்தான் தெரிந்துகொண்டேன். ஃபென்டனில் போன்ற வலி மருந்தில் அந்தச் சிக்கல் குறைவாம்.

ஆபரேஷன் அறையில் அவ்வளவு கணக்குப் பார்த்தவர்கள் எழுதியது வார்டுக்கு வந்து சேரவே இல்லை. டயாலிசிஸ் நோயாளி என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதுங்கள், முதல் ராத்திரிக்கான வலி ஊசியையும் மயக்க மருத்துவரே எழுதித் தரட்டும் என்று எல்லா மருத்துவமனைகளையும் உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். கூட இருக்கும் சொந்தங்களே, வார்டில் யார் ஊசியோடு வந்தாலும் டயாலிசிஸ் நோட்டை முதலில் நீட்டுங்கள்.

– டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்